எட்டு எழுத்துகளுக்குள் ஒரு வயல்

நிலத்தை விட்டு வந்த குடும்பங்களில், நிலத்தோடு சேர்த்துச் சில சொற்களும் கைநழுவிப் போகின்றன. இதனை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வரம்பில் நடக்காத பிள்ளை வரம்பு என்று எங்கே சொல்லப்போகின்றது? மதகு திறப்பதைக் காணாத பிள்ளைக்கு மதகு என்ற சொல் எதற்கு? இச்சொற்களைப் பிள்ளைகளிடம் சேர்ப்பிக்கச் செலவில்லாத வழியொன்று உண்டு. கொடுத்த எழுத்துகளிலிருந்து சொல் தேடும் விளையாட்டே அது.

உலகெங்கும் ஆடப்படும் ஸ்கிறபிள் என்ற எழுத்தாட்டமும் நெருக்கடிக் காலத்தில் பிறந்ததே. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என எண்ணிப் பார்த்து அதனை அமைத்தார். 1948 இல் அதற்கு இன்றைய பெயர் சூட்டப்பட்டது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு 100 வில்லைகள் போதுமாயின. தமிழிலோ 247 எழுத்துகள். ஆகவே எமக்கு இலகுவான முறை இதுவாகும்: பெரியவர் ஒருவர் இரண்டு சொற்களை மனதில் எண்ணி, அவற்றின் எழுத்துகளைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டி எழுதலாம். மணலில் தடியால் எழுதினாலும் போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம்: ர, ம், க, பை, வ, ப், பு, ல.

கண்டபடி மாற்றி மாற்றி அடுக்கினால் பொழுதுதான் போகும். தமிழ் இலக்கணம் எமக்கு வழிகாட்டுகின்றது. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. லொறி, றப்பர் போன்றவை வெளியிலிருந்து வந்த சொற்கள். எனவே இங்கே வ, க, பு, பை ஆகிய நான்கும்தான் தொடங்க முடியும். க், ச், ட், த், ப், ற் என்பன சொல்லின் இறுதியில் நில்லா. எனவே ப் வந்தால் அதன் பின் பு அல்லது பை வரவேண்டும். ம் இறுதியில் நிற்கலாம். அல்லது அதன் பின்னும் பு, பை வரலாம்.

இனித் தேடுங்கள். வரம்பு, கலப்பை, கரம்பை, கலப்பு, கம்பு, வம்பு, வரம், கலம், வலம் எனச் சொற்கள் வரிசையாக வரும். புலம் என்பதும் உண்டு. புலம் என்றால் வயல், நிலம். புலம்பெயர்ந்தோர் என்று நாளாந்தம் கேட்கும் சொல்லுக்குள் இருப்பது இந்த நிலமே என்பதைப் பிள்ளைக்கு அப்போது சொல்லிக்கொடுக்கலாம்.

ஒரு பிள்ளை வரப்பு என்று சொன்னால் தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாட்டார் வரம்பை அப்படித்தான் சொல்கின்றனர். இரண்டும் நல்ல தமிழே.

எந்தச் சொல் செல்லும், எந்தச் சொல் செல்லாது என்ற வழக்கு எப்படியும் வரும். சொன்னவர் பொருளையும் கூறி, அதனை வைத்து ஒரு வசனமும் சொல்ல வேண்டும் என்பதை முதல் விதியாக வையுங்கள். அதன் பின்னும் ஐயமிருந்தால் அகராதியைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் 1842 இலேயே மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 2008 இல் வந்த க்ரியா அகராதியின் இரண்டாம் பதிப்பு இலங்கைத் தமிழ் வழக்குகளையும் சேர்த்துள்ளது. ஆயினும் கமக்காரரின் சொற்கள் எல்லாம் அச்சில் ஏறிவிடவில்லை. ஆகவே வயது முதிர்ந்த இருவர் தாம் புழங்கிய சொல் என்று கூறினால் அதனை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் அப்புவும் ஆச்சியும்தான் அகராதி. வெவ்வேறு ஊரவர் ஓரிடத்தில் வாழும்போது, அடுத்த ஊர்ச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பதை விட்டு அதற்கும் புள்ளி கொடுக்கும் பழக்கம் இதனால் வரும். எழுத்துக்கு ஒரு புள்ளி என வைத்தால் நீண்ட சொல்லைத் தேடும் ஆவலும் வளரும்.

இன்று மாலையே தொடங்க இதோ பத்து எழுத்துகள்: த, கா, சூ, ய், ம, டு, ல், கு, வா, க்.

மதகும் வாய்க்காலும் இதற்குள் இருக்கின்றன. சூடு என்பதையும் பிள்ளைகள் விரைவில் கண்டுபிடிப்பார்கள். நெருப்பின் சூடு என்று பொருளும் சொல்வார்கள். வெட்டிய நெற்கதிரைக் குவித்து வைக்கும் சூட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.