கல்லாப்பெட்டிக் கணக்கு – 7: டெபாசிட் யாருடைய பணம்?

தைப்பூசம் நெருங்கினால் செந்தூலில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர்களுக்கு அறுவடைக் காலம். பத்துமலைக்குப் போகும் வெள்ளி ரதம் ஜாலான் ஈப்போ வழியாகத்தான் செல்கிறது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். பந்தலுக்கு வேண்டிய சாமான்களைப் பலரும் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள்.

அப்படி ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் 20 அன்று ஒரு பந்தல் குழு 500 வெள்ளி கட்டுகிறது: வாடகை முன்பணம் 300, டெபாசிட் 200. முதலாளி குறிப்பேட்டில் 'வருமானம் 500' என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடுகிறார். சறுக்கல் அந்த வரியிலேயே தொடங்குகிறது.

எழுத வேண்டியது மூன்று வரி. ரொக்கக் கணக்கில் பற்று 500. முன்பண வாடகைக் கணக்கில் வரவு 300. டெபாசிட் கணக்கில் வரவு 200. பின்னவை இரண்டும் கடைக்குக் கடன். கூடாரம் இன்னும் லாரியில்கூட ஏறவில்லை.

கையில் இருக்கும் பணத்தை அடுத்தவர் பெயரில் எழுதுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கிக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். பேரேட்டில் தெய்வத்தின் பெயரிலேயே கணக்கு இருக்கும். பணம் கடைப்பெட்டியில் கிடந்தாலும் ஏட்டின்படி அது முருகனுடையது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர்கள் இந்தப் பற்றுவரவை உட்கார்ந்து எழுதித்தான் தொழில் கற்றார்கள். பந்தல் குழுவின் 200 வெள்ளியும் அதே சாதிப் பணம்தான்.

2026 பிப்ரவரி 1, தைப்பூசம். மொத்த வாடகை 800. மீதி 500 கைக்கு வருகிறது. இப்போதுதான் வாடகை வருமானத்தில் 800 வரவு வைக்கலாம்: ரொக்கம் பற்று 500, முன்பண வாடகை பற்று 300. ஒரு நாற்காலியின் கால் முறிந்திருக்கிறது. டெபாசிட் கணக்கில் 200 பற்று எழுதி, 170 ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தது, 30 சேத ஈடு என்று பிரித்தால் அந்தக் கணக்கு தீர்ந்தது.

வரி அலுவலகம் மட்டும் வேறு மாதிரிப் பார்க்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 2016 வரி ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, வாடகை முன்பணம் கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே கொள்ளப்படும். டிசம்பரில் கணக்கு முடிக்கும் கடைக்கு, ஏட்டில் 2026-க்குப் போகும் அந்த 300 வெள்ளி, வரியில் 2025-லேயே சேர்ந்துவிடும். சிறு முதலாளிக்கு இது கொஞ்சம் கொடுமைதான். முன்பணத்தையும் டெபாசிட்டையும் ஒன்றாகக் கலந்து எழுதியவருக்கோ, எதற்கு வரி, எதற்கு இல்லை என்று காட்டவே வழியிருக்காது.

கடை சென்டிரியான் பெர்ஹாட்டாகப் பதியப்பட்டிருந்தால், 2016 நிறுவனச் சட்டப்படி ஒவ்வொரு நடவடிக்கையையும் 60 நாளுக்குள் ஏட்டில் ஏற்றியாக வேண்டும். நடவடிக்கை முடிந்த பிறகு 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். முறிந்த நாற்காலிக்கான 30 வெள்ளி ரசீதுக்கும் 2033 பிப்ரவரி வரை அலமாரியில் இடம் வேண்டும்.