போர்ட் 80-இல் துண்டு போட்டது யார்?

விண்டோஸ் கணினியில் அப்பாச்சி வெப் சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், சில நேரம் அது எழுந்திருக்காது. 10048 என்ற எண்ணோடு ஒரு பிழைச்செய்தி வரும். பலரும் உடனே மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவார்கள். வீண் வேலை. அந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றுதான்: கேட்ட போர்ட்டில் ஏற்கெனவே வேறு யாரோ இருக்கிறார்கள்.

பிரவுசர்களின் அழைப்புக்காக சர்வர் காத்திருக்கும் எண்தான் போர்ட். எச்டிடிபிக்கு வழக்கமாக 80. பழைய ஸ்கைப் பதிப்புகள் 80-ஐயும் 443-ஐயும் பிடித்துக்கொண்டு வெப் டெவலப்பர்களைப் படாதபாடு படுத்தின. அரட்டை மென்பொருளை மூடினால் சர்வர் ஓடும் என்று யாருக்குத் தோன்றும்?

கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' என்று தட்டினால், வரிக் கடைசியில் போர்ட்டை வைத்திருக்கும் புரோகிராமின் பிஐடி எண் தெரியும். டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணுக்குரிய பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். எண் 4 என்று வந்தால்தான் குழப்பம். அதன் பெயர் 'சிஸ்டம்'. விண்டோஸையே மூடவா முடியும்? உண்மையில் அங்கே இருப்பது கெர்னலுக்குள் ஓடும் எச்டிடிபி.சிஸ் என்ற டிரைவர். ஐஐஎஸ் வெப் சர்வர், எஸ்கியூஎல் சர்வரின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் போன்றவற்றுக்காக, பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுவதுபோல அது இடம் பிடித்து வைத்திருக்கும். துண்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை; போடச் சொன்ன ஆளைத்தான் கிளப்ப வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் ஐஐஎஸ்ஸின் 'வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' ஓடினால் நிறுத்திப் பார்க்கலாம். அது தேவைப்படுகிறதென்றால், அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் 'லிசன் 80' என்பதை 'லிசன் 8080' ஆக்கிவிட்டால் சண்டையே இல்லை.

மேக்கில் இதே பிழைக்கு எண் 48. பெர்க்லி யூனிக்ஸின் பழைய பிழை எண்களோடு 10,000-ஐக் கூட்டித்தான் விண்டோஸ் சாக்கெட் எண்கள் வந்தன. மேக்கிலும் இதே கதைதான்: 2021-இல் வந்த மான்டரே பதிப்பில் ஏர்பிளே ரிசீவர் 5000-ஐப் பிடித்துக்கொள்ள, அதே எண்ணில் ஓடும் பைத்தானின் ஃபிளாஸ்க் சர்வர்கள் முடங்கின.

போர்ட் காலியாக இருந்தும் சர்வர் கிளம்பவில்லையா? சந்தேகம் கான்ஃபிக் ஃபைலின் மேல் விழவேண்டும். அப்பாச்சி அதைக் கிளம்பும்போதுதான் படிக்கும். போன மாதம் விட்ட எழுத்துப்பிழை இன்றைய ரீஸ்டார்ட்டில்தான் வெடிக்கும். எரர் லாகைத் திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. லாக் எங்கே என்பதே அந்த ஃபைலில்தானே எழுதியிருக்கிறது! அப்போது காரணம் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கிடைக்கும். அப்பாச்சியிலேயே கான்ஃபிக் ஃபைலைச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. பிழை எந்த வரியில் என்று அது சொல்லிவிடும். அடுத்த முறை 'சின்டாக்ஸ் ஓகே' என்று வந்த பிறகே சர்வரை நிறுத்தலாம்.