சுவரைப் பூசுமுன் மாடிக்குப் போங்கள்!

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? 1000 சதுர அடி மொட்டை மாடியில் அது சுமார் 45,000 லிட்டர்! அத்தனையும் மழைநீர்க் குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டு வரை சுவரில் ஓதம். கை வைத்தால் 'சுரீர்'! உடனே மெயினை அணைத்தேன். பூச்சு வேலைக்குக் கொத்தனாரைக் கூப்பிடக் கிளம்பியபோது மாமியார், "சுவரைப் பூசி என்ன பிரயோஜனம்? முதல்ல மேலே போய்ப் பாரும்மா" என்றார்.

பார்த்தால், வேப்பஞ்சருகு அடைத்து, குழாயின் எல்போ விரிசல் விட்டிருந்தது! சருகை வாரி, எல்போவை மாற்றி, குழாய் வாயில் வலை பொருத்தினோம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், கசிவில்லை. எலக்ட்ரீஷியன் போர்டைச் சோதித்த பிறகே மெயினைப் போட்டோம்.

தோழிகளே, புரட்டாசியிலேயே ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்த்துவிடுங்களேன்!

- ஒரு வாசகி, சேலையூர்.