நூற்கணக்கும் நேர்கோடும்

கல்முனைக்கு வடக்கே, கடலோரத்தில் அமைந்த மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அனுபவம் வாய்ந்த நெசவாளர் ஒருவர், ஒரு பாவில் இத்தனை சாரம் நெய்ய இவ்வளவு நூல் வேண்டுமென மனக்கணக்காகவே கூறிவிடுவார். அக்கணக்கில் இரு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு சாரத்துக்கும் செல்லும் நூல் ஒன்று; பாவின் முனைகளில் நெய்யப்படாது எஞ்சும் நூல் மற்றொன்று. முன்னது எண்ணிக்கைக்கேற்பப் பெருகும், பின்னது மாறாது. இவ்வுறவை வரைபடத்தில் இட்டால் நேர்கோடு கிடைக்கும். கணிதர் இதனை நேரியற் சார்பு என்பர்.

நெசவாளருக்கு இவ்விரு எண்களையும் கற்பித்தது பழக்கமே. கணினியும் அவ்வாறே கற்கும். பழைய கணக்குகளைக் கொடுத்தால், அவற்றுக்கு மிக அணுக்கமாகச் செல்லும் கோட்டை அது தேடிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகும் அளவை வர்க்கித்துக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறையும் கோட்டைத் தெரிவதே முறை. வால்வெள்ளிகளின் பாதையைக் கணிக்கும் பொருட்டு, பிரான்சிய அறிஞர் லெஜாந்தர் 1805ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். எந்திரக் கற்றலின் முதற்பாடங்களுள் ஒன்றாக இன்றும் அது விளங்குகின்றது.

பிழையற்ற கணக்காயின் இரண்டே போதும். இரு புள்ளிகள் ஒரு கோட்டைத் தீர்மானித்துவிடும். ஆனால் நூல் அறும், நிறுவை பிசகும். அந்நிலையில் கற்றல் எவ்வளவு திருத்தமாகலாம்? கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய சி. ஆர். ராவ், 1945ஆம் ஆண்டில் இத்தகைய வினாவுக்கு விடை கண்டார். ஒருபுறம் சாயாத எம்மதிப்பீடும், எத்துணை நுட்பமான முறையாற் பெறப்படினும், தன் பிழையை ஓரெல்லைக்குக் கீழே குறைக்க இயலாதென அவர் நிறுவினார். சுவீடன் நாட்டுக் கிராமேர் தனித்து அதே முடிவை 1946இல் வெளியிட்டமையால், அவ்வெல்லை இருவர் பெயராலும் வழங்குகின்றது. பொதுவாக, பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

இன்னுமோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு பாவில் அடங்காத அளவு வந்ததும் புதிய பாவு பூட்டவேண்டும். எஞ்சும் நூல் மீண்டும் சேரும். கோடு அவ்விடத்திற் படியேறிவிடும். ஒரே பாவின் கணக்கை மட்டும் கண்ட எந்திரம் இதனை அறியாது. இக்கடலோரம் இவ்வுண்மையைப் பெருந்துயருடன் அறிந்ததன்றோ? அன்றாட அலைகளைப் பல்லாண்டு அளந்து வரைந்த எக்கோடும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை முன்னறிவித்திராது. ஆதலின், எந்திரம் ஒரு விடை கூறுங்கால், அது எவ்வெல்லைக்குள் கற்றதென முதலில் வினவுதல் நன்று.