சர்வர் நின்றாலும் சிகிச்சை நில்லாதிருக்க

“கணினி வேலை செய்யவில்லை, சற்றுப் பொறுங்கள்” என்ற சொற்களை மருத்துவமனைக்கு வருவோர் எப்போதேனும் கேட்டிருப்பர். புறநோயாளர் பிரிவில் அது சிறு சலிப்பு மட்டுமே. அவசர சிகிச்சைப் பிரிவிலோ நிலை வேறு. ஒருவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்னும் குறிப்பும் அக்கணினியில்தான் இருக்கிறது.

இதயம் கற்றுத்தரும் பாடம்

இதயநோய் மருத்துவர்களாகிய எங்களுக்கு மாற்று ஏற்பாடு என்பது புதிதன்று. இதயத்தின் சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பைத் தூண்டுகிறது. அது தவறினால், ஏவி கணு 40 முதல் 60 வரையிலான வேகத்தில் பொறுப்பேற்கும். அதுவும் தவறினால், கீழறைகள் 20 முதல் 40 வரையிலான வேகத்தில் உயிரைத் தாங்கிப் பிடிக்கும்.

மருத்துவமனையின் சர்வர்களும் இவ்வாறே அமைக்கப்படுகின்றன. அவை இடைவிடாமல் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைகைக்குக் கணினித் துறையினர் ‘இதயத்துடிப்பு’ என்றே பெயரிட்டுள்ளனர். இப்பணியை நிர்வகிக்கும் புகழ்பெற்ற லினக்ஸ் மென்பொருள் ஒன்றின் பெயரும் ‘பேஸ்மேக்கர்’தான். துடிப்பு குறித்த நேரத்துக்குள் வராவிடில், மற்றொரு சர்வர் பணியை ஏற்கும்.

வரிசை தவறிய இரவு

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவில் எங்கள் முதன்மைச் சர்வர் நின்றது. மாற்றுச் சர்வர் உடனே விழித்தது. ஆயினும் பதிவேடுகள் திறக்கவில்லை. முதலில் தரவுச் சேமிப்பகம், அடுத்து தரவுத்தளம், பின்னர் மருத்துவமனை மென்பொருள், இறுதியில் வார்டுக் கணினிகள் தேடிவரும் வலையமைப்பு முகவரி என்ற வரிசையில் அவை எழ வேண்டும். அந்த வரிசை எழுதி வைக்கப்படவில்லை. சேமிப்பகம் இணையுமுன்னரே தரவுத்தளம் எழ முயன்று, மீண்டும் மீண்டும் தோற்றது.

அவ்வேளையில் நிமோனியாவுடன் வந்திருந்த ஒரு மூதாட்டிக்குப் பென்சிலின் வகை மருந்து தர இருந்தோம். அவருடைய மகள் பையிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினார். பென்சிலின் அவருக்கு ஒவ்வாது என்று அதில் எழுதியிருந்தது. வேறு மருந்து தந்தோம். அவர் நலமுடன் வீடு திரும்பினார். மாற்றுச் சர்வர் இருக்கிறது என்று நம்பியிருந்தோமே தவிர, அது உண்மையில் பொறுப்பேற்குமா என்று ஒருமுறையும் சோதித்திருக்கவில்லை.

மூன்றாவது வாக்கு

மற்றோர் ஆபத்தும் உண்டு. இரு சர்வர்களும் நலமாக இருக்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், மற்றது இறந்துவிட்டதென்று ஒவ்வொன்றும் எண்ணும். இரண்டும் ஒரே சேமிப்பகத்தில் எழுதத் தொடங்கினால் பதிவேடுகளே சிதைந்துபோகும். ஆதலால் மூன்றாவதாக ஒரு வாக்கு சேர்க்கப்படுகிறது; பெரும்பான்மை உள்ள பக்கமே பணியை ஏற்கலாம். அதற்கு முன், பதிலளிக்காத சர்வரின் மின்சாரத்தை அது துண்டித்துவிடும்.

இன்று இவை யாவும் எங்கள் மருத்துவமனையில் நடைமுறையில் உள்ளன. பழுது நீங்கிய சர்வர் தானாகப் பணிக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறு தடங்கல் நேரும் என்பதால், நெரிசலற்ற வேளையிலேயே அதைத் திருப்புகிறோம். மாதந்தோறும் முதன்மைச் சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி ஒத்திகை பார்க்கிறோம். தவறுதலாக அழிந்த பதிவை மாற்றுச் சர்வர் மீட்டுத் தராது. எனவே தரவுகளின் நகலைத் தனியே பாதுகாக்கிறோம். வார்டுகளில் காகிதப் படிவங்களும் எப்போதும் தயாராக உள்ளன.

ஒத்திகை வேளையில் நேரும் சிறு தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறோம். நீங்களும் ஓர் உதவி செய்யலாம். ஒவ்வாத மருந்துகள், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர், அளவு, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் உடன் கொண்டுவாருங்கள். அன்றிரவு எங்களைக் காத்தது அத்தகைய ஓர் உறையே.