இளையோரும் போதைப் பொருளும்: பேசும் நெறி

கண்டி மாநகரின் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்து அமைந்த குண்டசாலை பழம்பெருமை வாய்ந்த ஊராகும். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் அங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் ‘குண்டசாலை அரசன்’ எனவும் அழைக்கப்பட்டான். இன்று விவசாயப் பாடசாலையும் பல்லேகலைக் கிரிக்கெட் அரங்கும் அப்பகுதிக்குப் பெயர் தருகின்றன. அதனைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கு முன்னாளிற் புகையிலைச் செய்கைக்கும் பெயர் பெற்றிருந்தது. புகையிலையின் தீமையை அவ்வூர் முதியோர் கண்டறிந்தவர். ஆதலின் அதுபற்றித் தம் மக்களுக்கு எடுத்துரைக்க வல்லவர். ஆனால், இக்கால இளைஞரின் செவிக்கு எட்டும் ஹெரோயின், ‘ஐஸ்’ என்னும் மெதம்பெற்றமைன், போதைக்காக விழுங்கப்படும் வலிநீக்கி மாத்திரை ஆகியவற்றைப் பெற்றோர் பலர் அறியார். தாம் அறியாத பொருளைப் பற்றித் தம் மக்களிடம் பேசுவது எங்ஙனம்? இவ்வினா குண்டசாலைக்கு மட்டுமன்றி, இலங்கையின் எல்லா ஊர்களுக்கும் உரியதாகும்.

இத்துறையிற் சட்டம் வாளாவிருக்கவில்லை. நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஹெரோயின் பரவியதை அடுத்து, 1984இல் அது கடுமையாக்கப்பட்டது. 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்துவோர் மரண தண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரியவராயினர். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கான சட்டமும் அவ்வாண்டே பிறந்தது. 2022இல் ‘ஐஸ்’ போதைப் பொருளும் கடுந்தண்டனைக்குரியதாக்கப்பட்டது. சட்டம் வணிகனைத் தண்டிக்க வல்லது. தாயின் முகத்தை நோக்க அஞ்சி நிற்கும் மைந்தனிடம் பேச வல்லதன்று. பொலிசாருக்கும் ஊரார் பழிச்சொல்லுக்கும் அஞ்சிக் குடும்பம் வாய்மூடி இருக்குமாயின், உதவி காலந்தாழ்ந்தே வந்து சேரும்.

இனி, விரிவுரையும் அச்சுறுத்தலும் இளைஞரைக் காக்குமோ எனின், அனுபவம் அவ்வாறு காட்டவில்லை. 1983இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பொலிஸ் அலுவலரே வகுப்பறைக்குச் சென்று போதைப் பொருளை மறுக்கக் கற்பிக்கும் ‘டேர்’ என்னுந் திட்டம் தொடங்கியது. அது நாடெங்கும் பரவிப் பெரும் புகழ் பெற்றது. ஆயினும், பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அதனால் மாணவரிடையே போதைப் பழக்கம் நிலையாகக் குறைந்ததெனக் கண்டில. மிகைப்படக் கூறுதல் இதனினுந் தீங்கானது. ‘கஞ்சாவை ஒருமுறை தொட்டவன் அன்றே அழிந்தான்’ என்று கேட்டு வளர்ந்த மாணவன், அதனைத் தொட்ட தோழன் மறுநாளும் வகுப்பில் அமர்ந்திருத்தலைக் காண்கின்றான். அன்றே பெரியோர் சொல்லில் அவனுக்கு ஐயம் பிறக்கின்றது. ஹெரோயினைப் பற்றி அவர் கூறும் உண்மையையும் அவன் நம்பாது விடுகின்றான்.

ஆதலின், உள்ளதை உள்ளவாறு உரைத்தலே முதற் கடமை. கஞ்சா நினைவாற்றலையும் கவனத்தையும் குன்றச் செய்வது. சிலரிடத்து மனநோய்க்கும் வழிகோலுவது. ‘ஐஸ்’ உறக்கத்தைக் கெடுத்து, வீண் ஐயத்தையும் வெறியையும் விளைவிப்பது. ஹெரோயின் உடலை அடிமைப்படுத்துவதோடு, அளவு மிஞ்சின் மூச்சையே நிறுத்துவது. மருந்துக் கடையில் விற்கப்படும் மாத்திரையாயினும், மதுவோடு சேரின் உயிருக்கு ஊறு செய்தல் கூடும். மேலும், பின்விளைவை எண்ணித் தன்னை அடக்கும் மூளையின் முற்பகுதி ஏறத்தாழ இருபத்தைந்து வயதளவிலேயே முதிர்ச்சி பெறுகின்றது. இளமையில் தொடங்கும் பழக்கம் எளிதில் வேரூன்றுதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரண்டாவது கடமை செவிசாய்த்தலாகும். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983இல் மதுப் பழக்கமுடையோரிடம் உரையாடும் புதிய முறையொன்றை எடுத்துரைத்தார். பின்னர் ஸ்டீவன் ரொல்னிக் என்பாருடன் சேர்ந்து அதனை விரித்து, 1991இல் நூலாக்கினார். வாதிட்டு வெல்ல முயலாது, மாறவேண்டியதற்கான காரணத்தை உரியவர் வாயிலிருந்தே வரச் செய்தல் அம்முறையின் உயிர்நிலை. ‘நீ அதைத் தொட்டாயா?’ என்ற வினா, பொய்யுரைக்கவே தூண்டும். ‘உன் வகுப்பிலுள்ளோர் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கின்றனர்?’ என்ற வினாவோ உரையாடலைத் திறந்துவிடும். காலமும் இடமும் அறிதல் வேண்டும். மயக்கத்திலிருப்பவனுக்குக் காரணங் காட்டித் திருத்த முயல்வது வீண் என்பதைத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமும் உணர்த்துகின்றது. தெளிந்தபின், உறவினர் முன்னிலையிலன்றித் தனிமையில், ஒரே நீண்ட உபதேசமாகவன்றிப் பல சிறு உரையாடல்களாகப் பேசுதல் நன்று.

மைந்தன் உண்மையை ஒப்புக்கொள்ளும் கணமே பெற்றோருக்குப் பெருஞ் சோதனையாகும். அக்கணத்தில் எழும் கை, அவன் வாயை நெடுங்காலம் மூடிவிடும். ‘சொன்னது நல்லதாயிற்று’ என்னும் ஒரு சொல், மருத்துவரிடம் அவனை அழைத்துச் செல்லும் வழியைத் திறக்கும். ஒருவன் எழுப்பியும் எழாது, மூச்சுத் தளர்ந்து கிடப்பானாயின், விசாரணைக்கு அது நேரமன்று. அவனை ஒருக்களித்துக் கிடத்தி, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை உடனே அழைத்தல் வேண்டும். எதை உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறைத்தலாகாது. மனத்துயருற்றோர் 1926 என்னும் இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

சொல்லோடு செயலும் சேர்தல் வேண்டும். ஐஸ்லாந்து நாட்டில் 15, 16 வயதினருள் முந்திய ஒரு மாதத்திற் குடித்து மயங்கியோர் 1998இல் நூற்றுக்கு 42 பேர். 2016இல் 5 பேர் மட்டுமே. பெற்றோர் தம் மக்களுடன் கூடுதலான பொழுதைக் கழித்தமையும், விளையாட்டிலும் கலையிலும் இளையோர் ஈடுபட வழிசெய்யப்பட்டமையும் அந்நாட்டு முயற்சியின் தூண்களாயின. பன்னாட்டு வீரர் ஆடும் அரங்கு ஓரூரில் இருப்பது பெருமையே. எனினும், பாடசாலை விட்டபின் அவ்வூர்ச் சிறுவர் கூடியாட ஒரு திடலும், இருட்டியபின் வீடு திரும்புங்கால் அவர்தம் சொல்லைக் கேட்க ஒரு செவியும் இருத்தல் அதனினும் இன்றியமையாதது. தவறியவனும் அஞ்சாது வந்து பேசக்கூடிய வீடே இளமைக்கு உறுதியான அரணாகும்.