சிறுவர் நூற் சித்திரமும் அதனை வரைவோர் வாழ்வும்

சிறுவர் நூலொன்றைக் கையிலெடுக்கும் பெரியோர் எழுதியவர் பெயரையே முதலில் தேடுவர். பிள்ளைகளோ எவர் பெயரையும் தேடார். நேரே படத்துக்குச் செல்வர். எழுத்துக்கூட்டி வாசிக்க அறியாப் பருவத்தில் ஒரு குழந்தைக்கு நூலென்பது படமே. ஆயினும் அப்படத்தை வரைந்தவர் யார், அத்தொழிலை அவர் எங்ஙனம் பயின்றார், அதனைக்கொண்டு எங்ஙனம் வாழ்ந்தார் என்பன பற்றி நம்மிடையே பேச்சு எழுவது அரிது. சித்திரத்தில் வல்ல மாணவனொருவன் வகுப்பில் இருப்பின், "நல்ல கை" எனப் பாராட்டி, மறுகணமே கணக்கியலையோ பொறியியலையோ சுட்டிக்காட்டி விடுகின்றோம். எதனை விடச் சொல்கின்றோம் என்பதையேனும் அறிந்து சொல்லுதல் நலமன்றோ? அது கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டியில் உள்ள திருக்குடும்பக் கன்னியர் மடப் பாடசாலையிற் பயின்ற மாணவி ஒருவரே இந்நாட்டுச் சிறுவர் சித்திரத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர். அவர்தாம் சிபில் வெத்தசிங்க அம்மையார். 1927ஆம் ஆண்டில், காலியை அடுத்து ஜின் கங்கை கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த கிந்தோட்டை என்னும் ஊரிற் பிறந்தவர். ஆறு வயதளவிற் பெற்றோருடன் கொழும்புக்கு வந்தவர். அந்த ஆறாண்டுக் கிராம வாழ்வே பின்னர் எழுபதாண்டுக்கு மேலாக அவர் தூரிகைக்கு மூலதனமாயிற்று. வேலியோரத்துப் பூவும், குந்திலிருந்து கதை பேசும் மூதாட்டியரும், மழைக்குத் தலையில் இலை பிடித்தோடும் மனிதரும் அவர் படங்களில் மீண்டும் மீண்டும் வருதல் காணலாம். கொழும்பில் வாழ்ந்தவர் கொழும்பை வரைந்ததிலும் கிந்தோட்டையை வரைந்ததே மிகுதி.

சித்திரக் கல்லூரி எதிலும் அவர் முறையாகப் பயின்றவரல்லர். பதின்பருவத்தில் அவர் வரைந்தவற்றைக் கண்ட றோயல் ஆரம்பப் பாடசாலைத் தலைமையாசிரியர் எச். டீ. சுகதபால, தாம் எழுதிய 'நவ மக' என்னும் சிங்கள வாசிப்பு நூலுக்குப் படம் வரையும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையின் கையிலிருந்த ஆற்றலைக் கண்டு, பாராட்டோடு நில்லாது வேலையையும் கொடுத்தார் என்பதை நம்போன்ற ஆசிரியர்கள் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். 1948இல் அவர் 'லங்காதீப' பத்திரிகையிற் சேர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஜனதா' பத்திரிகைக்குச் சென்றார். பத்திரிகைச் சித்திரக்காரராகப் பெண்ணொருவர் அமர்வது அக்காலத்தில் அருமையிலும் அருமை.

பத்திரிகை அலுவலகமே அவருக்குக் கலாசாலையாயிற்று எனலாம். அக்காலத்து அச்சுமுறையில் கோட்டுச் சித்திரம் நாகத் தகட்டிற் 'புளொக்'காக வெட்டப்பட்டே தாளில் ஏறியது. கரிய மையால் தெளிவாக இட்ட கோடு அச்சில் நிற்கும்; நீர்கலந்து பூசிய சாயலோ நில்லாது. ஆகவே சித்திரக்காரர் நிழலையும் தூரத்தையும் திண்மையையும் கோட்டினாலேயே உணர்த்தக் கற்றாக வேண்டும். நாளை காலை பத்திரிகை வருமென்றால் இன்றிரவே படம் முடிதல் வேண்டும். இவ்விரு நெருக்கடியும் கையைத் திருத்துவதுபோல் வேறெவ்வாசானும் திருத்துவதில்லை என்பது நம் கருத்து. அம்மையாரின் படங்களில் மேலைநாட்டு முறைப்படி தூரப்பொருள் சிறுத்து மறையும் காட்சி குறைவு. விகாரைச் சுவரோவியங்களிற் போல உருவங்கள் தட்டையாய், அருகருகே, இடைவெளியெங்கும் கொடியும் மலருமாய் நிறைந்திருக்கும். குழந்தைகள் தாமே வரையும்போதும் ஏறத்தாழ இவ்வாறே வரைகின்றனர்.

1956இல் வெளிவந்த 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், பிறர் கதைக்குப் படம் வரைந்தவரைத் தம் கதைக்குத் தாமே வரைபவராக்கிற்று. குடையென்பதையே கண்டறியாத ஒரு கிராமம். மழையென்றால் வாழையிலையும் சாக்கும் துணியுமே அங்கு குடை. நகருக்குச் சென்ற கிரி மாமா ஒரு குடை வாங்கி வருகின்றார். வழியிற் கோப்பிக் கடையொன்றில் நுழைந்து திரும்புமுன் குடை மாயமாகின்றது. மீண்டும் வாங்க, மீண்டும் மறைகின்றது. இறுதியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளை இட்டு வைத்து, அவை சிந்திய வழியே காட்டினுட் சென்று பார்த்தால், மரமொன்றிற் குடைகளெல்லாம் தொங்குகின்றன. ஒன்றைத் திருடனுக்கென விட்டு மற்றவற்றைக் கொணர்ந்து அவர் குடைக்கடை வைக்கின்றார். திருடனோ ஒரு குரங்கு.

இக்கதையை நாம் வகுப்பிற் சொல்லி, "விரும்பிய இடத்தை வரைக" என்றபோது, பிள்ளைகளிற் பெரும்பாலோர் குரங்கையே வரைந்தனர். அது இயல்பே. ஆனால் நூலுக்கு வரைபவர் குரங்கைக் கடைசிவரை மறைக்க வேண்டியவர். எதனை வரைவது என்பதிலும் எதனை எப்பக்கம் வரை வரையாதிருப்பது என்பதே அவருக்குக் கடினமான கேள்வி. ஒரு தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்து வெட்டும் முறையினால் சிறுவர் சித்திர நூல் பெரும்பாலும் 32 பக்கங்களில் அடங்கும். ஆகவே கதையைப் பதினைந்து பதினாறு காட்சிகளாகப் பிரித்து, வலப்பக்கத்தில் ஐயத்தை எழுப்பி, தாளைப் புரட்டியதும் விடையைக் காட்டுதல் வேண்டும். எழுத்து சொன்னதையே படம் மீண்டும் சொல்லுமாயின் இரண்டில் ஒன்று வீண்.

அவரது மற்றொரு நூலான 'துவன றெவுல' இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. அது ஓடும் தாடியின் கதை. தாடியொன்று கட்டுக்கடங்காது வளர்ந்து ஊரெல்லாம் ஓடி, அகப்பட்டவரை எல்லாம் சுற்றிக்கொள்கின்றது. அங்கே சித்திரக்காரரின் கோடே தாடியாகிப் பக்கத்துக்குப் பக்கம் ஓடுகின்றது! நம் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரும் தாடி அறுந்த வேடனைப் பாடியவரே. கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடியவரே. பாட்டு நம்மிடம் இருக்கின்றது. அவற்றுக்கு இத்தகைய கோடொன்று வாய்த்திருந்தால் நம் பிள்ளைகள் அவற்றை இன்னும் நெருங்கி அறிந்திருப்பர் என நாம் ஏங்குவதுண்டு.

இனி, வாழ்க்கைப்பாடு. சித்திரக்காரர் வாழும் வழி இரண்டு. ஒன்று மாதச் சம்பளம். சென்னை 'அம்புலிமாமா'வில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரைந்த சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன் 1952இல் அங்கே சேர்ந்து ஏறத்தாழ அறுபதாண்டு ஓரிடத்திலேயே இருந்தார். மற்றது, எவரிடமும் கட்டுண்ணாது நூலுக்கு நூல் ஒப்பந்தம் செய்து வரைதல். இதிற் சுதந்திரம் உண்டு. மாதமுடிவில் நிச்சயம் இல்லை. இவ்வழியிற் செல்ல விரும்பும் மாணவர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். படமொன்றுக்கு இவ்வளவு எனப் பெற்று உரிமையை முழுதாக விற்றல் வேறு. விற்பனையில் உரிமைப்பங்கு பெறுதல் வேறு. முதலாவதில் நூல் பத்துப் பதிப்புக் கண்டாலும் வரைந்தவருக்கு ஒரு சதமும் வாராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் பதிப்புரிமை நிலவும். அவ்வளவு நீண்ட உரிமையை முதற்காசோலையின் மகிழ்ச்சியில் ஒரு கையொப்பத்தால் இழந்துவிடலாகாது. மூலப்படத்தைத் திருப்பித் தருமாறு எழுத்திற் கேட்டுக்கொள்ளுதலும் நன்று. 'குட ஹொரா' 1980களில் ஜப்பானிய மொழியிற் சென்று அங்கே பரிசும் பெற்றது. முதற்பதிப்புக்கு முப்பதாண்டு கழிந்த பின்னர் நிகழ்ந்தது அது.

அம்மையார் ஓய்வென்பதை அறியாதவர். இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் கைபட்டவை. தொண்ணூறு வயது கடந்தும் ஒரு கதையை முடிக்காது விட்டு, முடிவை எழுதியும் வரைந்தும் அனுப்புமாறு நாட்டுப் பிள்ளைகளை அழைத்தார். ஆயிரக்கணக்கிற் குவிந்தவற்றிலிருந்து தெரிந்தெடுத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளோடு அந்நூல் வெளிவந்து, 2020இல் கின்னஸ் சாதனைப் பதிவும் பெற்றது. அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதி அவர் காலமானார்.